செய்தித்தாள் சாகச காமிக்ஸ்: நாளுக்கு ஒரு ஸ்ட்ரிப் என்று மறுபடி படித்தால் என்ன கிடைக்கிறது?

மசிக்கோடு:

நண்பர்களுக்கு வணக்கம். சீனாவில் நடக்கும் அமெரிக்கச் செய்தித்தாள் சாகசத் தொடரான மில்ட்டன் கேனிஃபின் ‘டெர்ரி அண்ட் தி பைரேட்ஸ்’ முழுத் தொகுப்பை இரண்டாம் தடவையாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். முதல் தடவை நாவல் போல ஒரே மூச்சில் முடித்தேன். இந்தத் தடவை காலையில் ஒரு டெய்லி ஸ்ட்ரிப் (ஒரு நாளைக்கு வரும் சில கட்டங்கள் கொண்ட ஒற்றை வரிசைப் படம்), ஞாயிறு வந்தால் முழு வண்ணப் பக்கம், அதோடு புத்தகத்தை மூடிவிடுவது என்று வைத்துக்கொண்டேன். இரண்டும் வேறு வேறு கதைகள் போலவே இருக்கின்றன. அதைப் பற்றிப் பேசத்தான் இந்த இழை.

மொத்தமாகப் படிக்கும்போது எரிச்சல் தருவது என்ன? முதல் கட்டத்தில் நேற்று நடந்ததை யாராவது ஒருவர் திரும்பச் சொல்வார். நடுக் கட்டத்தில் கதை ஓர் அடி நகரும். கடைசிக் கட்டத்தில் கதவு தட்டப்படும், இல்லையென்றால் துப்பாக்கி நீளும். பக்கத்துக்கு இரண்டு மூன்று ஸ்ட்ரிப் என்று அச்சிட்ட தொகுப்பில் இதைப் படித்தால், சொன்னதையே சொல்கிறாரே என்று தோன்றும். ஆனால் இடையில் ஒரு முழு நாள் போன பிறகு படித்துப் பாருங்கள். அந்த முதல் கட்டம் நம் கையைப் பிடித்து உள்ளே இழுக்கிறது.

கேனிஃப் 1934 அக்டோபர் 22 அன்று டெய்லி ஸ்ட்ரிப்பைத் தொடங்கினார். ஆரம்பத்தில் டெய்லிக்கு ஒரு கதை, சண்டே பக்கத்துக்கு வேறொரு கதை. 1936 ஆகஸ்டில் இரண்டையும் ஒரே கதையாக்கினார். இது எவ்வளவு சிக்கலான வேலை என்று யோசியுங்கள். சில பத்திரிகைகள் டெய்லியை மட்டும் வாங்கின, சில சண்டே மட்டும். ஞாயிறு பார்க்காதவருக்குத் திங்கட்கிழமை குழப்பம் வரக்கூடாது. ஞாயிறு மட்டும் பார்ப்பவருக்கும் கதை ஓட வேண்டும். இரண்டையும் படிப்பவருக்கு அலுப்பும் தட்டக்கூடாது. ஞாயிறு பக்கத்தில் சண்டையைக் காட்டுவார். திங்களன்று அதே சண்டையை ஒருவர் வாயால் ஒரே வரியில் சொல்ல வைப்பார், அதுவும் அந்த ஆளின் குணம் தெரிகிற மாதிரி. நாள் கணக்கில் படித்தால்தான் இந்தக் கை வேலை கண்ணில் படுகிறது.

1941 அக்டோபரில் ‘டெர்ரி’ கதையில் ரேவன் ஷெர்மன் என்ற பெண் இறக்கும் பகுதி எல்லோருக்கும் தெரிந்ததே. சீனத்து மலைப்பகுதியில் லாரியிலிருந்து தள்ளிவிடப்பட்டுக் காயமடைகிறாள். உதவி கிடைக்காத இடம். பிழைப்பாளா மாட்டாளா என்று அன்றைய வாசகர் நாள்தோறும் காத்திருந்தார். அப்புறம் அடக்கம், வசனமே இல்லாமல். அனுதாபக் கடிதங்கள் கேனிஃபுக்கு வந்து குவிந்ததில் வியப்பே இல்லை. புரட்டிக்கொண்டே போனால் அது இரண்டு நிமிடச் சமாச்சாரம். காத்திருந்து படித்தால் வீட்டில் ஒரு துக்கம்.

உங்கள் அனுபவம் என்ன? எந்த ஸ்ட்ரிப் இப்படிப் படித்தால் இன்னும் நிற்கிறது, எது விழுகிறது?

பழுப்புத்தாள்:

அருமையான தொடக்கம் நண்பரே. நம்மில் பெரும்பாலோர் இந்தக் கதைகளை ஸ்ட்ரிப்பாகப் பார்த்ததே இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். வேதாளர் (ஃபேன்டம்), மந்திரவாதி மாண்ட்ரேக், ரிப் கிர்பி, காரிகன், விங் கமாண்டர் ஜார்ஜ் எல்லோரும் நமக்கு முத்து காமிக்ஸ் வழியாக, முழுக்கதையாகத்தான் வந்தார்கள். இந்திரஜால் காமிக்ஸும் அப்படியே. 1964-ல் வேதாளரோடு தொடங்கிய அந்த இதழில் பக்கத்துக்கு ஏற்ப ஸ்ட்ரிப்பை வெட்டி ஒட்டினார்கள். முன்கதை சொல்லும் கட்டங்களைத்தான் முதலில் கழிப்பார்கள். சில சமயம் படத்தின் ஓரம் போகும், சில சமயம் வசனம் குறையும்.

அவர்களைக் குறை சொல்லவே மாட்டேன். குறைந்த விலையில், குறைந்த பக்கத்தில் ஒரு கதையை முடித்துத் தர வேறு வழி இல்லை. சிவகாசியிலிருந்து அந்தப் புத்தகங்கள் வராமல் இருந்திருந்தால் ரிப் கிர்பியை வரைந்த அலெக்ஸ் ரேமண்டின் கோடு எப்படி இருக்கும் என்று நமக்குத் தெரிந்திருக்கவே வழியில்லை. ஆனால் நாம் மனப்பாடம் செய்த கதைக்கு வேறொரு தாளம் இருந்தது என்பது மூலத்தைப் பார்த்த பிறகுதான் புரிகிறது.

தூரிகை:

நான் ஓவியம் வரைபவள், அதனால் படத்தின் பக்கமிருந்து கொஞ்சம் சொல்கிறேன்.

செய்தித்தாள் மட்டமான தாள். மசியை உறிஞ்சும், மெல்லிய கோடு பரவிவிடும். அதில் நிற்கக்கூடிய படம் எது என்ற கேள்விக்கு நோயல் சிக்கிள்ஸ் கண்ட விடைதான் பாதி அமெரிக்க சாகச காமிக்ஸ். 1933-ல் ‘ஸ்கார்ச்சி ஸ்மித்’ என்ற விமானி கதை அவர் கைக்கு வந்தது. கோடு கோடாக விவரம் போடுவதை மெல்ல மெல்ல விட்டுவிட்டு, தூரிகையால் பெரிய கறுப்புத் திட்டுகளை வைத்தார். வெளிச்சம் எங்கே விழுகிறதோ அங்கே தாளை அப்படியே விட்டார். கண் மீதியை நிரப்பிக்கொள்ளும். கேனிஃபும் அவரும் நியூயார்க்கில் ஒரே ஸ்டூடியோவில் வேலை பார்த்தவர்கள். ‘டெர்ரி’யின் முதல் ஆண்டுப் படங்களையும் இரண்டு ஆண்டு கழித்து வந்தவற்றையும் அருகருகே வையுங்கள், வேறு ஆள் வரைந்தது போல இருக்கும். அந்த மாற்றத்துக்குக் காரணம் சிக்கிள்ஸ்தான்.

இதில் இன்னொரு லாபம் நேரம். வாரத்துக்கு ஆறு டெய்லி, ஒரு சண்டே பக்கம், வருடம் முழுக்க. கறுப்புத் திட்டு அழகுக்காக மட்டும் வந்ததில்லை, கெடுவைத் தாண்டிப் பிழைக்கவும் வந்தது. அழகும் அவசரமும் ஒரே தூரிகையில் தீர்வு கண்டதைப் பார்க்கும்போது எனக்கு இன்றும் சிலிர்க்கிறது.

ராய் கிரேன் வேறு வழி பிடித்தார். 1943 நவம்பரில் தொடங்கிய ‘பஸ் சாயர்’ கதைக்கு கிராஃப்டின்ட் என்ற தனி அட்டையைப் பயன்படுத்தினார். அதில் கண்ணுக்குத் தெரியாத கோட்டு வலை ஏற்கெனவே இருக்கும். ஒரு ரசாயனத்தைத் தடவினால் ஒரு சாம்பல் நிறம், மற்றொன்றைத் தடவினால் அதைவிட அடர்ந்த சாம்பல். கடல், புகை, காட்டுக்குள் விழும் ஒளி என்று அவர் காட்டியதெல்லாம் அந்த இரண்டு சாம்பலில்தான். இந்தப் படங்களைச் சின்ன அளவுக்குச் சுருக்கினால் கோடுகள் ஒட்டிக்கொண்டு வெறும் கறுப்பாகிவிடும். பஸ் சாயரைச் சின்னப் பதிப்பில் பார்த்துவிட்டு ‘சுமார்’ என்று ஒதுக்கியவர்கள் நல்ல தொகுப்பில் இன்னொரு தடவை பாருங்கள்.

நிலா_வாசகி:

நீங்கள் எல்லோரும் ஆனந்தமாகப் பேசுவதைக் கெடுக்க வரவில்லை. ஆனால் ‘எது விழுகிறது’ என்று கேட்டிருக்கிறீர்கள், அதற்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

‘டெர்ரி’யில் கானி என்ற சீன வேலைக்காரன் வருகிறான். பெரிய காது, துருத்திய பல், உடைந்த ஆங்கிலம். சீனர்கள் நிறைந்த நாட்டில் நடக்கும் கதையில் ஒரு சீனனை வாசகர் சிரிப்பதற்காகவே வைத்திருக்கிறார்கள். மாண்ட்ரேக்கோடு வரும் லோதர் ஓர் ஆப்பிரிக்க இளவரசன். 1934-ல் அவனுக்குக் கிடைத்தது சிறுத்தைத் தோலும் ஃபெஸ் தொப்பியும் அரைகுறைப் பேச்சும். வேதாளரை எடுத்துக்கொள்ளுங்கள். 1536-ல் மண்டையோட்டின் மேல் சத்தியம் செய்த ஒரு வெள்ளைக்காரரின் வாரிசுகள் தலைமுறை தலைமுறையாக ஒரு காட்டுக்கு நீதி வழங்குகிறார்கள். அந்தக் காடு முதலில் எங்கே இருந்தது? ‘பெங்காலி’ என்ற பெயர் வங்காளத்தை நினைவூட்டும், கடற்கொள்ளையர்கள் ‘சிங்’ சகோதரர்கள். நம் பக்கத்து நிலமாகத்தான் தொடங்கியது. பிறகு ஆப்பிரிக்காவுக்கு நகர்த்தினார்கள். இந்திரஜாலில் அதை ‘டெங்காலி’ என்று மாற்றியதும், ‘சிங்’ என்பதை மாற்றியதும் சும்மா நடந்ததல்ல.

நாள்தோறும் ஒன்று என்று படித்தால் சுகம் என்கிறீர்கள். அதே நாள்தோறும் கணக்கில்தான் கானியின் பல்லும் லட்சக்கணக்கான வீடுகளில் காலை உணவு மேஜைக்கு வந்தது. கேலிச்சித்திரம் மனதில் உட்கார்வதும் அந்தத் தினசரிப் பழக்கத்தால்தானே?

மசிக்கோடு:

நீங்கள் சொன்ன கடைசி வரியை நான் யோசித்திருக்கவில்லை, சகோதரி. சரியான பார்வை. கானி வருகிற நாட்களில் எனக்கும் பக்கம் கசக்கிறது, நாளுக்கொன்றாகப் படித்தால் இன்னும் அதிகமாக.

இரண்டு விஷயங்களைச் சேர்க்க விரும்புகிறேன். அவை அதை ரத்து செய்யாது. ஒன்று, அதே கதையில் டிராகன் லேடி இருக்கிறாள். கொள்ளைக்காரியாக அறிமுகமாகி, 1937-க்குப் பிறகு ஜப்பானியப் படைக்கு எதிராகக் கொரில்லாப் போர் நடத்துபவளாகிறாள். பத்திரிகை முதலாளிகள் ஜப்பான் பெயரைச் சொல்லத் தயங்கியதால் ‘ஆக்கிரமிப்பாளர்’ என்றே கேனிஃப் எழுதினார். அமெரிக்கா போருக்குள் வருவதற்குப் பல ஆண்டு முன்பே, அமெரிக்கக் குடும்பங்கள் காலையில் சீனர்கள் நடத்திய எதிர்ப்புப் போரைப் படித்துக்கொண்டிருந்தன. இத்தனைக்கும் அவர் அதுவரை சீனாவுக்குப் போனதே இல்லை. நூலகத்தில் உட்கார்ந்து திரட்டியதுதான் எல்லாம்.

இரண்டு, சில ஸ்ட்ரிப்புகள் தங்களைத் திருத்திக்கொண்டன. ஃபிரெட் ஃபிரெடெரிக்ஸ் 1965-ல் மாண்ட்ரேக்கை வரைய வந்த பிறகு லோதர் ஒழுங்காக உடை உடுத்தி ஒழுங்காகப் பேசும் நண்பனாகிவிட்டான். வேதாளர் நாட்டுக்கு லுவாகா என்ற டாக்டரைத் தேர்தலில் ஜெயித்த அதிபராகக் கொண்டுவந்தார், இரண்டு தொடர்களையும் உருவாக்கிய லீ ஃபால்க்.

நிலா_வாசகி:

அதிபர் வந்தபிறகும் காடு முகமூடிக்காரருக்காகத்தானே காத்திருக்கிறது? திருத்தம் நல்லது, நான் மறுக்கவில்லை. அடித்தளம் மாறவில்லை என்கிறேன். இதைச் சொல்லிவிட்டும் சை பேரி வரைந்த வேதாளரை நான் தொடர்ந்து படிக்கிறேன். 1961-ல் தொடங்கி முப்பது ஆண்டுக்கு மேல் அவர் வரைந்த மண்டையோட்டுக் குகையும் வேதாளரின் ஓநாய் டெவிலும் எனக்குப் பிரியமானவை. பிரியம் இருப்பதால்தான் கேட்கிறேன்.

கிர்பி_தாசன்:

ரிப் கிர்பி பற்றி யாரும் இன்னும் வாய் திறக்கவில்லையே!

அலெக்ஸ் ரேமண்ட் ‘ஃபிளாஷ் கார்டன்’ மூலம் உச்சத்தில் இருந்தவர். இரண்டாம் உலகப் போரில் மரைன் படையில் சேர்ந்தார். திரும்பி வந்தபோது அவருடைய ஃபிளாஷ் கார்டன் வேறொருவர் கையில் இருந்தது. சிண்டிகேட் (ஸ்ட்ரிப்புகளைப் பத்திரிகைகளுக்கு விற்கும் நிறுவனம்) அதைத் திருப்பித் தரவில்லை. அந்த வெற்றிடத்தில் பிறந்ததுதான் 1946 மார்ச் 4 அன்று தொடங்கிய ரிப் கிர்பி. கண்ணாடி போட்ட, பைப் பிடிக்கும், பியானோ வாசிக்கும் துப்பறிவாளர். வீட்டைப் பார்த்துக்கொள்ளும் டெஸ்மண்ட் ஒரு முன்னாள் திருடர். போரிலிருந்து திரும்பிய ஒரு தலைமுறைக்கு, கொஞ்சம் களைத்த, படித்த கதாநாயகன். துப்பாக்கியைவிட யோசனையை நம்புபவர்.

இதற்கு சண்டே பக்கம் கிடையாது, டெய்லி மட்டும். அதனால் மசிக்கோடு சொன்ன நாள் கணக்கு வாசிப்புக்கு இதைவிடப் பொருத்தமானது இல்லை என்பேன். மூன்று கட்டத்துக்குள் ஓர் அறை, இரண்டு பேர், ஒரு பொய். பெண்களின் உடையும் நாற்காலியின் வளைவும் கூட அந்த ஆண்டு என்ன என்று சொல்லிவிடும்.

1956 செப்டம்பர் 6. கனெக்டிகட்டில் வெஸ்ட்போர்ட் அருகே சக ஓவியர் ஸ்டான் டிரேக்கின் காரை ரேமண்ட் ஓட்டிப் பார்த்தார். கார் மரத்தில் மோதியது. டிரேக் பிழைத்தார், ரேமண்ட் அங்கேயே போய்ச் சேர்ந்தார். வயது 46. நடந்துகொண்டிருந்த கதை பாதியில் நின்றது. ஜான் பிரென்டிஸ் வந்து அதை எடுத்துக்கொண்டார். தொகுப்பில் அந்த இடத்தை நாள்வாரியாகப் படித்துப் பாருங்கள். எந்தக் காலையில் கை மாறியது என்று கண்டுபிடிப்பது கஷ்டம். பிரென்டிஸ் அதன் பிறகு 1999-ல் தாம் இறக்கும் வரை கிர்பியை வரைந்தார். ரேமண்ட் வரைந்தது பத்து ஆண்டு. இவர் நாற்பதுக்கு மேல். ஆனாலும் கிர்பி என்றதும் ரேமண்ட் பெயரை மட்டும் சொல்கிறோம். நாம் தமிழில் படித்த கிர்பி கதைகளில் பலவும் பிரென்டிஸ் கைவண்ணம். அவருக்கு உரிய மரியாதை கிடைக்கவில்லை என்ற வருத்தம் எனக்கு எப்போதும் உண்டு.

தூரிகை:

கிர்பி_தாசன் அண்ணா, பிரென்டிஸுக்கு உதவியாளராக இருந்த அல் வில்லியம்சனையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கொலம்பியாவின் பொகோட்டாவில் சிறுவனாக இருந்தபோதே ஃபிளாஷ் கார்டன் மேல் பைத்தியமானவர். 1967-ல் காரிகனை வரைய வந்தார், ஆர்ச்சி குட்வின் எழுத்தில். காரிகன் யார்? 1934-ல் டாஷியல் ஹாம்மெட் எழுதி ரேமண்ட் வரைந்த ‘சீக்ரெட் ஏஜென்ட் எக்ஸ்-9’ தான். தம் ஆசான் தொடங்கி வைத்த ஸ்ட்ரிப்பையே வில்லியம்சன் 1980 வரை சுமந்தார். அந்தப் பதின்மூன்று ஆண்டு காரிகனை நான் ரேமண்டின் கிர்பிக்குச் சமமாக வைப்பேன்.

பாதிராத்திரி_வாசகன்:

எனக்கு இந்த ஒரு நாள் ஒரு ஸ்ட்ரிப் முறை ஒத்துவரவில்லை. கேனிஃபை மொத்தமாகப் படிக்கும்போது கிடைப்பதும் பெரிய விஷயம். டெர்ரி 1934-ல் சிறுவன். போர் வரும்போது விமானி. காமிக்ஸ் கதாநாயகர்கள் வயதாகாமல் நின்றுகொண்டிருந்த காலத்தில் ஒரு பையன் வளர்கிறான். அந்த வளர்ச்சி ஆறு தொகுதியை அடுத்தடுத்துப் படித்தால்தான் கண்ணில் நிற்கும். ஃபிளிப் கார்கின் என்ற விமானப்படை அதிகாரி டெர்ரியை ஓரமாக அழைத்துப் போய், பைலட் பட்டை வாங்கியவனுக்கு என்ன பொறுப்பு என்று பேசும் 1943 அக்டோபர் 17 சண்டே பக்கம் அமெரிக்க நாடாளுமன்றப் பதிவேட்டிலேயே ஏறியது. அந்தக் கார்கின் உண்மையான ஓர் அதிகாரியின் நிழல். பிலிப் காக்ரன் என்ற அவர் 1944-ல் அஸ்ஸாமிலிருந்து பர்மாவுக்குள் விமானப்படை நடவடிக்கையை நடத்தியவர். அந்தப் பக்கத்தின் கனம், முந்தைய ஒன்பது ஆண்டுக் கதையும் மனதில் சூடாக இருக்கும்போதுதான் இறங்குகிறது.

மசிக்கோடு:

வளர்ச்சி பற்றி நீங்கள் சொல்வதை ஒப்புக்கொள்கிறேன் நண்பரே. ஆனால் அன்றைய வாசகருக்கும் அந்த ஒன்பது ஆண்டு இருந்தது, அவரும் டெர்ரியோடு சேர்ந்து ஒன்பது வயது மூத்திருந்தார். தொகுப்பால் அதை மட்டும் தர முடியாது. முதலில் மொத்தமாக, அப்புறம் நாள்வாரியாக என்று இரண்டும் வேண்டும் என்பதே என் பக்கம்.

கேனிஃப் வெளியேறியதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ரேமண்ட் கதையோடு அது சேர்கிறது. டெர்ரியை உருவாக்கியவர் அவர், உரிமை சிண்டிகேட்டுடையது. அதனால் 1946 டிசம்பர் 29-ம் தேதி சண்டே பக்கத்தோடு கிளம்பிவிட்டார். பதினைந்தே நாளில், 1947 ஜனவரி 13 அன்று, உரிமை தம்மிடமே இருக்கும்படி ‘ஸ்டீவ் கேன்யன்’ தொடங்கினார். அந்தக் கடைசி டெர்ரி பக்கத்தில் பனிக்கு நடுவே ஒரு பிரிவு. கதாபாத்திரங்கள் பிரிவதாக வரைந்திருக்கிறார், ஆனால் பிரிவது அவரேதான். தன் படைப்பு தனக்குச் சொந்தமில்லாத ஓர் ஓவியனின் கோபத்தை அதைவிட நாகரிகமாக யாரும் வரைந்ததில்லை.

இளவரசி_பக்கம்:

அட்லாண்டிக்கின் இந்தப் பக்கமும் கொஞ்சம் பாருங்கள். மாடஸ்டி பிளைசி லண்டன் ‘ஈவினிங் ஸ்டாண்டர்ட்’ மாலைப் பத்திரிகையில் 1963 மே 13 அன்று தொடங்கியது. மாலையில் வேலை முடிந்து ரயிலில் போகிறவர் படிப்பது. அதனால் அதன் தாளமே வேறு. பீட்டர் ஓ’டோனல் முன்கதையைத் தனியாகச் சொல்லவே மாட்டார். மாடஸ்டி தன் கூட்டாளி வில்லி கார்வினிடம் ஏதோ ஒன்றைக் கேலியாகச் சொல்வாள், அதற்குள்ளேயே நேற்றைய கதை முழுக்க அடங்கியிருக்கும்.

அவளுக்கு விதை 1942-ல் விழுந்தது. ஓ’டோனல் ராணுவத்தில் பாரசீகப் பகுதியில் இருந்தபோது தனியாக வந்த ஓர் அகதிச் சிறுமியைப் பார்த்தார். அவளுடைய நிமிர்வை மறக்கவில்லை. முதல் ஓவியர் ஜிம் ஹோல்டவே 1970-ல் கதை நடுவிலேயே இறந்துவிட, ஸ்பெயினிலிருந்து ரொமேரோ வந்தார். ஓவியர்கள் மாறினார்கள், எழுத்தாளர் மாறவே இல்லை. 2001 ஏப்ரல் 11, தம் 81-ம் பிறந்தநாளில், அவரே கதையை முடித்து வைத்தார். சிண்டிகேட் கையில் சிக்கித் தேய்ந்த எத்தனையோ தொடர்களுக்கு நடுவே, ஒரே மனிதர் தொடங்கி அவரே முடித்த தொடர் என்பது பெரிய பாக்கியம்.

நம் லயன் காமிக்ஸ் 1984-ல் தொடங்கியதே ‘கத்தி முனையில் மாடஸ்டி’யோடுதான். வில்லி அவளை ‘இளவரசி’ என்று கூப்பிடுவதைத் தமிழில் கேட்டு வளர்ந்த எனக்கு வேறு பெயர் ஒட்டாது.

நிலா_வாசகி, நீங்கள் எழுப்பிய கேள்வியை மாடஸ்டி பக்கமும் திருப்பலாம். ஒரு பெண் தலைமை தாங்குகிறாள், ஓர் ஆண் அதை முழு மனதோடு ஏற்கிறான், நடுவில் காதல் இல்லை. 1963-ல் தினப் பத்திரிகையில் இது சாதாரணம் இல்லை. ஆனால் வெளிநாடுகளில் நடக்கும் கதைகளில் அந்த ஊர்க்காரர்களைக் காட்டும் விதத்தில் பழைய வாடை இருக்கத்தான் செய்கிறது.

பழுப்புத்தாள்:

இவ்வளவும் இன்று முழுதாகப் படிக்கக் கிடைப்பதற்கு ஒரு மனிதருக்கு நாம் நன்றி சொல்ல வேண்டும். பில் பிளாக்பேர்ட். அமெரிக்க நூலகங்கள் செய்தித்தாள்களை மைக்ரோஃபிலிம் எடுத்துவிட்டு, கட்டு கட்டாக பைண்ட் செய்த மூலத்தாள்களைத் தூக்கி எறியத் தொடங்கின. மைக்ரோஃபிலிமில் வண்ணம் இல்லை. தூரிகை சொன்ன அந்தச் சாம்பல் நிறமெல்லாம் அதில் காலி. பிளாக்பேர்ட் 1968-ல் சான் ஃபிரான்சிஸ்கோவில் தம் வீட்டையே ஒரு காப்பகமாக்கி, கழிக்கப்பட்ட தாள்களை வாங்கி வந்து ஸ்ட்ரிப் ஸ்ட்ரிப்பாக வெட்டி வரிசைப்படுத்தினார். பின்னால் அந்தச் சேகரிப்பு ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்துக்குப் போனபோது ஆறு பெரிய டிரெய்லர் லாரி தேவைப்பட்டது. எடை சுமார் 75 டன். அதே பல்கலைக்கழகத்தின் கார்ட்டூன் நூலகம் 1977-ல் கேனிஃபின் தாள்களை வைத்துத்தான் தொடங்கியது.

நாள்வாரியாகப் படிக்க வேண்டுமென்றால் ஒரு நாள் கூட விடுபடாத வரிசை வேண்டும். அந்த வரிசையை ஒருவர் வீட்டுக்குள் வைத்துக் காப்பாற்றினார்.

புதுவரவு:

இத்தனை நாள் படிக்க மட்டும் செய்தேன், முதல் பதிவு இது. ஃபேன்டம், மாடஸ்டி தமிழில் படித்திருக்கிறேன், மற்றது எதுவும் தெரியாது. நீங்கள் சொல்கிற மாதிரி படிக்க எதிலிருந்து ஆரம்பிக்கலாம்? டெர்ரி ஆறு தொகுதி என்றதும் மலைப்பாக இருக்கிறது.

கிர்பி_தாசன்:

வாங்க தம்பி. டெர்ரி வேண்டாம், முதல் ஓராண்டு கேனிஃப் தடவிக்கொண்டிருப்பார், ஆர்வம் போய்விடும். ரிப் கிர்பியின் முதல் தொகுதியை எடுங்கள். சண்டே பக்கம் இல்லாததால் குழப்பமும் இல்லை. திங்கள் முதல் சனி வரை ஆறு, ஞாயிறு ஓய்வு. சனிக்கிழமைக் கடைசிக் கட்டத்தைப் பார்த்துவிட்டுத் திங்கள் வரை பொறுத்திருக்க முடிகிறதா என்று பாருங்கள்.

மசிக்கோடு:

நல்ல யோசனை. எல்லோரும் சேர்ந்தே செய்யலாமே? வருகிற திங்கட்கிழமை, 1946 மார்ச் 4 ஸ்ட்ரிப்பிலிருந்து. தினமும் ஒன்று, இங்கேயே பேசுவோம். நிலா_வாசகி, நீங்கள் கண்டிப்பாக வர வேண்டும்.

நிலா_வாசகி:

வருகிறேன். கிர்பியின் தோழி ஹனி டோரியனுக்கு ரேமண்ட் என்ன வேலை கொடுக்கிறார் என்று ஒரு கண் வைத்தே படிப்பேன், சம்மதமா?

தூரிகை:

சம்மதம்! எல்லோருக்கும் ஒரே ஒரு வேண்டுகோள்: ஏற்கெனவே படித்தவர்கள் யாரும் அடுத்த நாள் கட்டத்தை முன்கூட்டியே சொல்லிவிடாதீர்கள். கிர்பி_தாசன் அண்ணா, முக்கியமாக நீங்கள்.